அண்ணி மேல தப்பில்ல

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு இன்று காலை சமையலறைக்குள்ளேயே தாளித்தேன். வேண்டுமென்றேதான். எண்ணெய் காய்ந்ததும் எட்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டு, அது கறுக்கிற வரைக்கும் நகராமல் நின்றேன். நெடி மேலே ஏறி ஸ்மோக் அலாரம் கத்தியது. நானும் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வழிய அங்கேயே நின்றேன். உன் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்து, "என்னாச்சு? எதுக்கு உள்ள தாளிக்கிற?" என்றார். "உங்க தங்கச்சியக் கேளுங்க" என்றேன். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து அலாரத்துக்குக் கீழே வீசத் தொடங்கினார்.

உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். சனிக்கிழமை மார்த்தா வந்திருந்தார். இருபது வருடமாக உனக்குப் பியானோ வாசித்தவர், உன் குரலை உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர். அவர் சொன்னதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், நீ என்னைப் படுத்திய பாட்டையெல்லாம் ஒரு தடவையாவது சொல்லித் தீர்க்க வேண்டும்.

டெக்சாஸுக்கு நீ வந்தது எம்.எஸ். படிக்க. இரண்டாவது செமஸ்டரில் ஒரு நாள், லேபுக்குப் போகிற வழியில் ஏதோ கட்டிடத்திலிருந்து ஒத்திகைச் சத்தம் கேட்டதாம், உள்ளே போய் நின்றாயாம், அவ்வளவுதான். படிப்பை விட்டுவிட்டுப் பாட்டுப் பள்ளியில் சேர்ந்த பிறகு எனக்குத்தான் போன் செய்தாய். "அண்ணி, ஆப்பரா பாடப் போறேன். அம்மாகிட்ட நீங்களே எப்படியாவது சொல்லிடுங்க." அது பாட்டாலேயே நடத்துகிற மேல்நாட்டு நாடகம் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. வாரா வாரம் ஈரோட்டிலிருந்து அத்தை, "அவ படிப்பு எப்படிப் போகுது கண்ணு?" என்று கேட்பார். "நல்லா போய்ட்டிருக்குங்க அத்தை" என்று இரண்டு வருடம் பொய் சொன்னது நான். கடைசியில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

பிறகு நியூயார்க்குக்குப் பக்கத்தில், பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாய். பாதி வருடம் ஊர் ஊராகப் போய்ப் பாடுவாய், மீதி நாள் எங்களோடு. நிகழ்ச்சி இருந்தால் இரண்டு நாள் முன்பிருந்தே வாய் திறக்க மாட்டாய். குரலுக்கு ஓய்வாம். குரலுக்குத்தான் ஓய்வு, கைக்கு இல்லை. மஞ்சள் ஒட்டுச் சீட்டில் எழுதி எழுதி என் உயிரை வாங்குவாய். 'ஹீட்டரைக் குறைங்க.' 'தயிர் வேண்டாம்.' 'அண்ணனை மெதுவா தும்மச் சொல்லுங்க.' பார்சிப்பனி ஆபீஸில் நாள் முழுக்க மீட்டிங்கில் மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசல் கதவிலேயே ஒரு சீட்டு. நீ பேசினாலாவது பதிலுக்குக் கத்தலாம். சீட்டோடு என்னத்தைச் சண்டை போடுவது?

ஒரு நவராத்திரிக்குக் கோயிலில் ஆன்ட்டிகள் ஆசையாகக் கேட்டார்களே என்று பாடினாய். மைக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நீ ஆரம்பித்ததும் மூன்று கைக்குழந்தைகள் வீறிட்டன. நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த அங்கிள் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு மானம் போனது. ஆனால், இப்போது சொன்னால் என்ன, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது. ஒரு மனுஷிக்குள்ளிருந்து இவ்வளவு பெரிய சத்தம், அதுவும் இவ்வளவு சுத்தமாக. நீ ஏன் படிப்பை விட்டாய் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உன்னைக் கையில் பிடிக்க முடியாது.

அப்புறம் அந்தப் பிப்ரவரி. நியூயார்க்கின் பெரிய அரங்கில் முதல் தடவையாக உனக்குத் தலைமைப் பாத்திரம். உச்சத்தில் போய் நிற்கிற ஒரே ஒரு சுரத்துக்காகவே ஜனங்கள் வந்து உட்காரும் பாத்திரம் அது என்று நீயே சொல்லியிருந்தாய். அன்று எனக்கு லீவ். புளிக்குழம்புக்கு எண்ணெய் காயவைத்து மிளகாயைப் போட்ட நேரத்தில் ஆபீஸிலிருந்து போன். பேசி முடித்துத் திரும்பினால் மிளகாய் கரியாகியிருந்தது. நெடி ஹீட்டர் குழாய் வழியாக எல்லா அறைக்கும் போய்விட்டது. நீ தொண்டையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து இருமினாய். மூன்று மணிக்கு அரங்குக்குப் போன் போட்டு, பாட முடியாது என்றாய். மாலையில் உன் இடத்தில் வேறொருத்தி பாடினாள்.

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ ஒரு சீட்டை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாய். 'அண்ணி மேல தப்பில்ல.' அடிப்பாவி, நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அன்றோடு போயிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "ஏன், அண்ணி என்ன பண்ணாங்க?" என்று கேட்பார்கள். பிறகு நீயே பேட்டிகளில் அதை ஒரு சிரிப்புக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தாய். சான் ஹோசேயில் ஒரு கல்யாணத்தில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி, "ஓ, அந்த மிளகாய் அண்ணி நீங்கதானா?" என்றாள்.

மறுநாளே ஒற்றை எலெக்ட்ரிக் அடுப்பு ஒன்று வாங்கி கராஜில் வைத்தேன். குழம்பு உள்ளே கொதிக்கும். தாளிப்புக் கரண்டியோடு நான் மட்டும் கராஜுக்குப் போய், கதவைப் பாதி தூக்கிவிட்டு, கோட்டும் குல்லாவுமாகக் கடுகு வெடிக்கக் காத்திருப்பேன். நீ ஊரில் இல்லாத நாட்களிலும் அப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு வருடம் நீ எங்கும் பாடவில்லை. மார்த்தாவோடு அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தாய். என்னால்தான் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று நான் அழுததை நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுத்தான் மாடிக்குப் போனாய்.

திரும்பி வந்தபோது வேறு வகைப் பாத்திரங்களைப் பாடினாய். மூன்றாம் வருடம் அதே அரங்கு உன்னைக் கூப்பிட்டது. அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் மட்டும் உட்கார்ந்தே அழுதுகொண்டிருந்தேன். அப்புறம் லண்டன், மிலான், பத்திரிகை அட்டையில் உன் முகம். நான் மட்டும் கராஜில்தான். ஒரு குளிர்காலத்தில் உருகிய பனித்தண்ணீரில் கால் வழுக்கி, கரண்டி எண்ணெய் என் மணிக்கட்டில் கொட்டியது. நீ ஓடி வந்து ஐஸ் வைத்தாய். எதையோ சொல்ல வாயைத் திறந்தாய், மூடிக்கொண்டாய். பிறகு, "போதும் அண்ணி. இனிமே உள்ளயே தாளிங்க" என்றாய். "உன் தொண்டைய ஒரு தடவை கெடுத்தது பத்தாதா?" என்றேன்.

இனி மார்த்தா சொன்னதற்கு வருகிறேன். உன் பாட்டுப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தவர், ரசம் சாப்பிட்டுக்கொண்டே, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் சாதாரணமாகச் சொன்னார். அந்த உச்ச சுரம் அந்தப் பிப்ரவரிக்கு முன்பே உன் குரலில் உடைய ஆரம்பித்துவிட்டதாம். பத்துத் தடவை முயன்றால் இரண்டு தடவைதான் வருமாம். ஒத்திகைகளில் மெல்லப் பாடிச் சமாளித்துவிட்டாய். மேடையில் உடைந்திருந்தால் ஊரே கேட்டிருக்கும், பிறகு எந்த அரங்கும் உன்னைக் கூப்பிட்டிருக்காது. என்ன சொல்லி விலகுவது என்று நீ தவித்துக்கொண்டிருந்த காலையில்தான் என் மிளகாய் கருகியது. உன் இருமல் அரை மணி நேரத்தில் நின்றுவிட்டதாம். அந்த இருமலைக் காட்டித்தான் ஒரு வருடம் ஒதுங்கியிருந்து, மூச்சிலிருந்து மறுபடி ஆரம்பித்து, அவ்வளவு உச்சத்துக்குப் போகாத பாத்திரங்களுக்குக் குரலைப் பழக்கிக்கொண்டாய். உங்கள் மிளகாய்தான் அவளைக் காப்பாற்றியது என்று சொல்லிவிட்டு, மார்த்தா இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் யாரிடம் போய்ச் சொல்லியிருக்கப் போகிறேன்? அத்தையிடமே உனக்காக இரண்டு வருடம் பொய் சொன்னவள், இன்னொரு பொய் சொல்ல மாட்டேனா? ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், குரலே எழும்பாதபோது, சீட்டும் பேனாவும் கேட்டு வாங்கினாய். நான் என்னவோ ஏதோ என்று குனிந்து படித்தேன். 'மோரில் உப்பு பத்தலை.' அதையா எழுதுவாய்?

காலையில் அலாரம் அடங்கிய பிறகு ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தேன். அந்தச் சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பசை காய்ந்து விழுந்ததும் நான்தான் காந்தம் வைத்து நிறுத்தியிருக்கிறேன். 'அண்ணி மேல தப்பில்ல.' பன்னிரண்டு வருடமாக அதை நீ என்னை மன்னித்ததாகவே படித்து வந்திருக்கிறேன். நீயோ நடந்ததை நடந்தபடி எழுதி வைத்திருக்கிறாய். முதல் நாளே, நான் தினமும் பத்துத் தடவை திறக்கிற கதவில்.

சாயந்திரம் சாம்பாருக்குத் தாளிக்க வேண்டியிருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தேன். "இன்னும் எதுக்கு கராஜுக்குப் போற? அதான் அவ இல்லையே" என்றார் உன் அண்ணன்.

"மாடியில அவ ரூம் கதவு திறந்திருக்குதுங்க" என்றேன்.