மக்காச்சோளத்துக்குப் பதிலாக ரொட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்த வருஷ மழையில் மக்காச்சோளமெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. அதனால் கறவை மாடுகளுக்கு பேக்கரியில் மிஞ்சும் ரொட்டியைக் காயவைத்துப் பொடித்துப் போடுகிறேன். "தொட்டுக்க டீயும் போட்டுத் தரட்டுமா?" என்று உன் அம்மா கிண்டல் பண்ணுகிறாள்.

வெள்ளச்சியை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வாங்கிய பசு. போன மாதம் கன்று போட்டாள். பால் நிறையக் கறந்தாள். ஆனால் ரொட்டித்தூளை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் டாக்டரைக் கூப்பிட்டேன்.

"தின்னாமக் கறந்தா, தன் உடம்பைக் கரைச்சுத்தான் பால் குடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. ஒரேயடியாப் போட்டா வயிறு கெட்டுடும்" என்றார்.

கரும்புப் பாகு கலந்து கையாலேயே ஊட்டினேன். சில நாள் முரண்டு பிடித்தாள். இப்போது தொட்டியை நக்கி வைக்கிறாள்.

நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஃபோனை வைத்துவிட்டு உன் அம்மா சொன்னாள். குழந்தை ஓயாமல் பால் கேட்கிறதாம். நான் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டேன்.

உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால் வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். அம்மா சமைப்பாள். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நான் வருகிறேன் என்பதற்காக மாப்பிள்ளை வெளியே எங்கும் போய்விட வேண்டாம். அவரும் கூட உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அப்பா