லாரிக்கு ராசி இல்லை என்று சொன்னவன் எழுதுவது

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் லாரி போன வியாழக்கிழமை ஓடியது. ஆறு வருஷம் கொட்டகையில் கிடந்த பிறகு, சொந்த இஞ்சினில், குந்தாரப்பள்ளிச் சந்தை வரைக்கும் போய்த் திரும்பியது. கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இதை நான் சந்தோஷத்தில் எழுதவில்லை. எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. உங்களுக்கு மட்டும் சொல்வதென்றால் மனசுக்குள்ளேயே சொல்லியிருப்பேன். நாலு பேர் கண்ணிலும் படட்டும் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

மேலுமலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டியை மண்மேட்டில் மோதி நிறுத்தினீர்களே, அதில் லாரிக்கு முன் பம்பரும் ஒரு விளக்கும்தான் போயின. ஸ்டியரிங் உங்கள் நெஞ்சில் இடித்தது. மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. ஆளை விழுங்கிவிட்டு வண்டி மட்டும் முழுசாக நிற்கிறதே என்று ஊரே வாயில் கை வைத்தது. உங்கள் அண்ணன் அதை இழுத்து வந்து தன் கொட்டகையில் அடைத்தார். என் அக்காவையும் உங்கள் பிள்ளைகளையும் தன் வீட்டு அடுப்பங்கரையில் அடைத்தார்.

இந்தத் தை மாதம் பெங்களூரிலிருந்து ஓர் இரும்பு வியாபாரியைக் கூட்டி வந்து லாரியைக் காட்டினார். அக்கா குறுக்கே நின்றாள். அவள் அந்த வீட்டில் வாய் திறந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வண்டி ஓடினால் மாங்காய்ச் சீசனில் டிரைவர் வைத்துப் பிழைத்துக்கொள்வேன், பிள்ளைகளோடு தனியாகப் போய்விடுவேன் என்றாள். பங்குனி அமாவாசைக்குள் லாரி தானாகக் கொட்டகையை விட்டு வெளியே வந்தால் அவளுக்கு, வராவிட்டால் பழைய இரும்பு என்று பேச்சு முடிந்தது. உங்களோடு அஞ்சு வருஷம் கிளீனராக ஓடியவன் என்று அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நானும் போனேன்.

கொட்டகைக் கதவைத் திறந்தபோது அடித்த நாற்றத்தை எப்படிச் சொல்வேன்? யுத்தம் முடிந்து மிலிட்டரி ஏலத்தில் எடுத்து, நீங்கள் பச்சைப் பெயிண்டைச் சுரண்டி நீலம் அடித்த வண்டி. பின்னால் ராகி வைக்கோலும் வறட்டியும் அடைத்திருந்தார்கள். நீங்கள் உட்கார்ந்த சீட்டில் பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சீட்டுக்குள் இருந்த தேங்காய் நாரையெல்லாம் எலி இழுத்துப் போய்க் காற்று வடிகட்டியில் கூடு கட்டியிருந்தது. அதற்குள் செத்துக் காய்ந்த எலிக்குஞ்சுகள். இத்தனைக்கும் லாரியின் நெற்றியில் மட்டும் புதுச் சந்தனம், புதுக் குங்குமம்! ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லையாம். கும்பிடத் தெரிந்த கைக்கு ஒரு விளக்குமாறு எடுக்கத் தெரியவில்லை.

ஓசூரிலிருந்து ரஹீம் பாயைக் கூட்டி வந்தேன். பட்டாளத்து வண்டிகளையே பார்த்துப் பார்த்து ஒரு காது மந்தமான மெக்கானிக். அவர் முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். கீழ்க்குழாயைக் கழற்றினால் தண்ணீர் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியபிறகு பச்சையும் மஞ்சளுமாக ஒரு கட்டி பொத்தென்று விழுந்தது. அதில் புழு நெளிந்தது. கோழிகூடக் கிட்டே வரவில்லை.

பால், மாமா. உங்கள் திதிக்குத் திதி ரேடியேட்டரில் அரைப்படி பால் ஊற்றியிருக்கிறார் உங்கள் அண்ணி. லாரி ரத்தம் குடித்துவிட்டது, அதன் சூடு தணியாவிட்டால் இன்னொரு உயிர் கேட்கும் என்று குறி சொல்கிற ஒரு கோடாங்கி சொன்னானாம். பித்தளைச் சொம்பில் கறந்த பால், நுரையோடு! உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் மோர்கூடத் தண்ணியாகத்தான் கிடைக்கும். நான் அங்கேயே காறித் துப்பினேன். அண்ணி என்னை முறைத்தார். சாமி காரியத்தில் துப்புகிறாயே என்றார்.

சலவைச் சோடா போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி நாலு நாள் கழுவினோம். பிஸ்டன்கள் இறுகிக் கிடந்தன. பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டோம். பெட்ரோல் டாங்கியின் அடியில் பிசினாக ஒட்டிக்கிடந்ததை நான் கை விட்டுச் சுரண்டினேன். சோறு பிசைந்தால் இன்னும் அந்த வாடைதான். நாலாம் நாள் இஞ்சினுக்கு முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினேன். இரண்டு தரம் உதைத்தது, மூன்றாவது தரம் இருமிக்கொண்டு எழுந்துவிட்டது. அக்கா கொட்டகை வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

ரஹீம் பாய் அத்தோடு விடுகிறவரா? இறக்கத்தில் ஆளை அடித்த வண்டி, பிரேக்கைப் பார்க்காமல் சாவி கொடுக்கமாட்டேன் என்றார். பிரேக் சிலிண்டரைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் ஊறிப்போன இட்லி மாதிரி உப்பிக் கொழகொழவென்று வந்தது. மோந்து பார்த்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"யாருப்பா இதுல இஞ்சின் ஆயிலு ஊத்துனது? பிரேக்குக்குன்னு தனியா ஆயிலு இருக்குது. இத ஊத்துனா ரப்பரு செத்துப்போவும். ஊத்துனவன் ஆளக் கொன்னுட்டான்."

தெரியாது என்றேன். அவ்வளவு சுத்தமாக வந்தது அந்தப் பொய். அக்கா அப்போது குடத்தோடு பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா மாமா? அஞ்செட்டியிலிருந்து புளி ஏற்றக் கிளம்புவதற்கு முதல் நாள். பிரேக் ஆயில் ஓசூரிலும் இல்லை, அத்திப்பள்ளியிலும் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னீர்கள். அந்த லோடுக்கு நான் கூட வரவில்லை; சடசடவென்று வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற அவசரம் எனக்கு. "எண்ணெயில என்ன மாமா ஜாதி, எல்லாம் எண்ணெய்தான்" என்று கேனைத் திறந்து நான்தான் கவிழ்த்தேன். பெரிய மேதாவி என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு மறுவாரம் உங்களைத் தூக்கினோம்.

அன்றே எனக்குச் சந்தேகம் இருந்தது. சாவு வீட்டில் யாரோ, பிரேக்கை யார் பார்த்தது என்று கேட்டார்கள். என் நாக்கு அப்படியே திரும்பியது. பிரேக்கில் ஒன்றுமில்லை, அந்த லாரிக்கே ராசி இல்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. லாரி எப்படி வந்தது? அக்காவின் நகையை விற்று வந்தது. அப்போது ராசி இல்லாதது யார்? இரண்டே மாதத்தில் பேச்சு லாரியை விட்டு இறங்கி என் அக்காவின் தலையில் ஏறிக்கொண்டது. கல்யாண வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். விதை ராகியைத் தொடவிடமாட்டார்கள். காலையில் வெளியே கிளம்புகிறவர்கள் அவள் எதிரே வந்தால் திரும்பிப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். இத்தனையும் பார்த்துக்கொண்டு நான் தீபாவளிக்குத் தீபாவளி அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பால் ஊற்றியவர்களைப் பார்த்துத் துப்பினேனே, என்னைப் பார்த்து யார் துப்புவது?

வியாழக்கிழமை காலையில் வண்டியை வெளியே எடுக்க எல்லாரும் கூடினார்கள். ரஹீம் பாய் புது ரப்பரும் சரியான ஆயிலும் போட்டு முடித்திருந்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். அக்கா பழத்தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். உங்கள் அண்ணி அவள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார்.

"நீ தள்ளி நில்லு பழனியம்மா. ஒரு தடவ பட்டது போதாதா இந்த வண்டிக்கு?"

அக்கா தள்ளி நின்றாள். பழகிப்போன மாதிரி நின்றாள் மாமா. நுகம் பூட்டக் குனிகிற மாடு மாதிரி என் அக்கா தலை குனிந்து நிற்பதற்கு நான் ஒரு கேன் எண்ணெய் ஊற்றினால் போதும் என்று ஆகிவிட்டதே.

சொல்லிவிட்டேன். உங்கள் அண்ணன், அண்ணி, ரஹீம் பாய், வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேர், எல்லார் முன்னாலும். ராசியும் இல்லை, மண்ணும் இல்லை, பிரேக்கில் இஞ்சின் ஆயில் ஊற்றியது நான், மறைத்ததும் நான் என்றேன்.

அக்கா மட்டும் கிட்டே வந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே சந்தேகம்க்கா."

"ஆறு வருசமா எங்கையால சோறு வாங்கித் தின்னியேடா. எப்படிடா தொண்டையில எறங்குச்சு?"

அதற்குப் பதில் உங்களிடமாவது இருக்கிறதா? அக்கா உங்கள் அண்ணியின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். நாலு பழத்தையும் அவளே வைத்தாள். கைம்பெண் வைக்கலாமா என்று கேட்க அன்று ஒருவருக்கும் வாய் வரவில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தானும் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். ரஹீம் பாய் ஓட்டினார். பழம் நசுங்கி, லாரி வெயிலுக்கு வந்தது. என்னை ஏறச் சொல்லவில்லை. நான் நடந்தே சந்தைக்குப் போனேன்.

நேற்று ரஹீம் பாயிடம் அக்கா சொல்லியனுப்பினாள். திங்கட்கிழமை முதல் லோடு போகிறதாம். அதற்கு முன் பிரேக்கை ஒரு தரம் பார்க்கச் சொன்னாளாம். அவரையே பார்க்கச் சொன்னாளாம். தம்பியின் கை அந்த வண்டியில் படக்கூடாது என்றாளாம்.

படாது மாமா. சத்தியமாகப் படாது. ஆனால் வாய் இருக்கிறது. குந்தாரப்பள்ளிச் சந்தையிலும் அஞ்செட்டியிலும், உங்கள் அக்காமார் வீட்டு வாசல்களிலும் நின்று நான் ஊற்றியதை நானே சொல்வேன். பழனியம்மாளுக்கு ராசி இல்லை என்று எவனாவது வாயெடுத்தால் அவன் முன்னால் என் பெயரைச் சொல்லி நிற்பேன். அக்கா மன்னிப்பாள் என்பதற்காக இல்லை. அவள் மன்னிக்கவேண்டாம் என்றுகூட ஒரு சமயம் தோன்றுகிறது.

அவளுக்குத் தம்பி என்று இனிப் போட்டுக்கொள்ள முடியுமா தெரியவில்லை.

உங்களைக் கொன்ற,
உங்கள் மச்சினன்
மாரப்பன்