உன் குழியில் நாங்கள் போடாத மண்

அன்புத் தோழிக்கு,

உன் அடக்கத்தன்று நான் மாதா கோயில் வாசலில் சண்டை போட்டேன் என்று கடலூர் முதுநகரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் குரலை உயர்த்தவில்லை. உன் மகனிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதையும் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் கேட்டேன். சண்டை போடத் தெரிந்தவள் நீ. எனக்கு அது வராது.

நேற்று, நான் இப்போது இருக்கும் சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டிக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், வாந்திக்குப் பயந்து, கைக்குட்டையில் ஓடிகோலன் தெளித்து மூக்கில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது பயண வாசனை. எனக்கு அது நீ. நம் கோயில் பங்கில் எந்தப் பெண் இறந்தாலும் அவளைக் குளிப்பாட்டி, புடவை கட்டி, விரல்களில் செபமாலையைச் சுற்றி, கடைசியில் அந்தப் பாட்டிலைத் திறக்கிறவள் நீதான். சில நாட்கள் உன் கையில் சோற்று வாசனையை விட அதுதான் அதிகம் இருக்கும்.

வண்டி வந்தது. நான் ஏறவில்லை. உன் மகனை நேரில் பார்த்துப் பேசத்தான் புறப்பட்டிருந்தேன். பேசினால் மறுபடியும் சண்டை என்பார்கள். எழுதிவிடலாம் என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

கான்வென்டில் ஈஸ்டர் நாடகம் போட்டது உனக்கு நினைவிருக்கும். இயேசுவின் கல்லறையில் நிற்கும் தேவதூதன், சம்மனசு, நான். உச்சரிப்பு சுத்தம் என்று சிஸ்டர் எனக்கு அந்த வேடத்தைக் கொடுத்தார். விடியலில் கல்லறைக்கு வரும் பெண்களில் ஒருத்தி நீ. கையில் ஒரு பரிமளத் தைலக் குடம். "எனக்கு வசனமே இல்லடி, வெறுமன நடக்கணுமாம்" என்று ஒத்திகை முழுக்கப் புலம்பினாய். நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசும் எனக்குத்தான் கிடைத்தது. அந்தப் பெண்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

நம் குடும்பங்களில், கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகும், ஒரு பழக்கம் போகவில்லை. அடக்கப் பூசை முடிந்ததும் பெண்கள் கோயில் வாசலோடு நின்றுவிட வேண்டும். பெட்டியோடு கல்லறைக்குப் போவதும் குழியில் மண் போடுவதும் ஆண்கள் வேலை. என் வீட்டுக்காரர் இறந்த அன்று நானும் அப்படித்தான் நின்றேன். நீ வந்து என் முழங்கையைப் பிடித்தாய்.

"வா, நட."

"எங்க வூட்ல பழக்கம் இல்லடி. மாமியார் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். சிலுவைகிட்ட யாரு நின்னாங்க, சொல்லு? ஒருத்தரத் தவிர ஆம்பளைங்க அத்தினி பேரும் ஓடிட்டாங்க. பொம்பளைங்கதான நின்னாங்க?"

"அது வேற."

"இன்னா வேற? பிரைஸ் வாங்கினவ நீதான?"

என்னை விட்டுவிட்டு நேரே என் மாமியாரிடம் போனாய். "அத்த, நீங்க பெத்த புள்ள. நீங்க வராம வேற யாரு வருவாங்க?" அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். அன்று மாமியாரும் நானும் மண் போட்டோம். என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று என் கைக்குத் தெரிந்தது அப்போதுதான். அதுவரை எல்லாம் யாரோ சொல்லும் செய்தி மாதிரி இருந்தது.

துறைமுகப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் குழந்தையை, அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே புதைத்துவிட்டார்கள். அவள் எழுந்து நடக்க முடிந்ததும் விடியற்காலையில் நீ அவளைக் கூட்டிப் போனாய். துணைக்கு என்னையும் இழுத்தாய். "கேட் பூட்டியிருந்தா இன்னாடி பண்றது?" என்று வழியெல்லாம் கேட்டேன்.

"கல்லறை வாசல் கல்லை யாரு பொரட்டுவாங்கன்னு கேட்டுக்கினேதான் அந்த நாடகத்துப் பொம்பளைங்களும் போனாங்க. கேட்டுட்டுத் திரும்பி வரல" என்றாய்.

கேட் பூட்டித்தான் இருந்தது. நீ அந்தப் பெண்ணோடு தரையில் உட்கார்ந்து உரத்த குரலில் செபமாலை சொல்ல ஆரம்பித்தாய். காவல்காரர் பல் விளக்கிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, காலங்காத்தால ஊரையே எழுப்பறீங்க?"

"சாவியக் குடு, நிறுத்தறேன்."

நான் மனப்பாடம் செய்த வரிக்கு அன்றுதான் பொருள் புரிந்தது. அந்தப் பெண்களிடம் பதில் இல்லை. ஆனாலும் போனார்கள். பயமில்லாதவர்கள்தான் தைரியசாலிகள் என்று எண்ணியிருந்தேன். உனக்கும் அன்று பயத்தில் செபமாலையின் மணிக்கணக்கு தவறியதை நான் கவனித்தேன்.

பிறகு உன் நாள் வந்தது. உன்னைக் குளிப்பாட்டியது நாங்கள்தான். பூசை முடிந்தது. உன் மகன் வாசலில் பந்தல் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தான். கெட்ட பிள்ளை இல்லை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, வெயில் ஜாஸ்தி. லேடீஸ் எல்லாம் இங்கயே இருங்க. ஜூஸ் சொல்லியிருக்கேன்."

"தம்பி, உங்கம்மாவுக்கு யாரு மண்ணு போடுவா?" இதுதான் அந்தக் கேள்வி.

"நாங்கல்லாம் இருக்கோம்ல, ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியில் ஏறினான். வண்டி போய்விட்டது.

நான் ஒரு ஆட்டோ பிடித்தேன். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி ஊர்ந்து போயிற்று. ஓட்டிய பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எங்கள்லயும் பொம்பளைங்க கபரஸ்தான் வர மாட்டாங்கம்மா. நீங்க போய்ட்டு வாங்க, நான் நிக்கறேன்" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது குழி மூடி, மேலே மாலைகள் அடுக்கி, ஆண்கள் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. வருத்தம் ஒன்றுதான். நீ கல்லறை வரை கூட்டிப் போன பெண்கள் அத்தனை பேரும் அன்று பந்தலில் ஜூஸ் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். நீ வராத முதல் சாவு உன்னுடையது. எங்கள் முழங்கையைப் பிடிக்க ஆள் இல்லை.

அடுத்த வாரம் கொத்தனார் வருகிறாராம். உன் கல்லறையைச் சிமெண்ட் வைத்துக் கட்டி மார்பிள் பதிக்கப் போகிறார்கள். அதன் பிறகு அங்கே போடுவதற்கு மண்ணுக்கு இடம் இருக்காது. ஆகவே ஒவ்வொருத்தியாகப் போன் செய்தேன். "மருமவ இன்னா சொல்லுவாளோ" என்று ஒருத்தி இழுத்தாள். "அவளையும் கூட்டிட்டு வா" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் பேசும் பேச்சு என்று எனக்கே தெரிந்தது. துறைமுகத்துப் பெண்ணுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. "எப்பக் கௌம்பணும்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றாள்.

இந்த மடலின் ஒரு படியை உன் மகனுக்கு அனுப்புகிறேன். தம்பி, கொத்தனார் கை வைக்கும் முன் ஒரு காலையில் நாங்கள் உன் அம்மாவுக்கு மண் போட வேண்டும். எந்த நாள் என்று எழுதிப் பதில் அனுப்பு. போனில் சொல்ல வேண்டாம், அதையும் சண்டை என்பார்கள்.