பத்துக் காலையின் சராசரி

1998 மே 18, திங்கள்

பேனா மெஷின் இன்றைக்கும் மை கக்கிவிட்டது. மூன்றாவது பேனா. இதயத் துடிப்பைக் கடதாசியில் வரைய வேண்டியது, மாணவி இனோக்காவின் வெள்ளைப் பாவாடையில் வரைந்தது. பாவம், அழாத குறை. பதினெட்டுப் பேர் ஒரு மெஷினைச் சுற்றி நிற்கிறார்கள். முன்னால் நிற்கிற நாலு பேருக்குத்தான் ஏதும் தெரியும். மற்றவர்கள் அந்த நாலு பேரின் முதுகைப் படிக்கிறார்கள். மனசில் நடப்பதை உடம்பு எப்படிக் காட்டுகிறது என்பதுதான் பாடம். பதற்றப்பட்டால் உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு அடிக்கும். இதை முதுகைப் பார்த்துப் படிக்கலாமோ?

கடதாசி உருளை இன்னும் ஒன்றுதான் மிச்சமாம். அதைச் செய்த கொம்பனி இப்போது செய்வதில்லை. துறைத் தலைவர் சிவபாதசுந்தரம் சேர் அறைக்குக் கூப்பிட்டார். ஜூன் 17 அன்று கொம்பியூட்டரில் செய்து காட்டினால் அடுத்த வருடத்துக்கு ஆறு கொம்பியூட்டர் கேட்டு எழுதுவாராம். இல்லாவிட்டால் பிராக்டிக்கலை நிற்பாட்டிவிட்டு விரிவுரை மட்டும். பிராக்டிக்கல் இல்லையென்றால் எட்டு வருடமாகத் தற்காலிகமாக இருக்கிற பிராக்டிக்கல் ரீச்சர் எதற்கு? அதை அவர் சொல்லவில்லை. சொன்னால்தான் விளங்கும் என்கிற அளவுக்கு நான் மொக்கு இல்லை.

மே 19, செவ்வாய்

நிலாம் பெட்டியைச் செய்து முடித்துவிட்டார். எங்கள் ஆய்வுகூடத்து ரெக்னீசியன். கொம்பனித்தெருவில் பின்னேரங்களில் ரேடியோ திருத்துகிறவர். விரலில் மாட்டுகிற எலெக்ட்ரோட்டுக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். புரோகிராம் என்னுடையது. இரண்டு வருட விடுமுறையைத் தின்றது.

புத்தகத்தில், மாணவர் பக்கத்தில் ஒரு பலூனை உடைத்துத் திடுக்கிட வைத்துப் பதியச் சொல்லியிருக்கிறது. வெடிச்சத்தம் கேட்கக் கொழும்பில் பிராக்டிக்கல் வேணுமோ? அதை வெட்டிவிட்டேன். ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லப்போகிறேன். அதற்கே வேர்க்கும்.

மே 21, வியாழன்

இரண்டு எலெக்ட்ரோட்டைப் பட்டி தைக்க வீட்டுக்குக் கொண்டுவந்தது என் புத்தி. காலையில் காலி வீதிச் செக்பொயின்டில் பெண் பொலிஸ் என் கைப்பையைக் கொட்டினாள். வயர். “மேவா மொனவாத?” இதெல்லாம் என்னவாம். எனக்குத் தெரிந்த பத்துச் சிங்களச் சொல்லை வைத்து விரல், பிள்ளைகள், பாடம் என்று விளங்கப்படுத்தினேன். அவள் தன் விரலில் மாட்டிப் பார்த்து, பொய் சொன்னால் பிடிக்குமா என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு விட்டாள். பின்னால் வரிசை தபாற்கந்தோர் வரைக்கும் நின்றது. இனிமேல் நிலாமிடமே கொடுத்துவிடுவேன்.

பயமோ? எனக்கென்ன பயம். பழகிப் போச்சு. ஐசி என்கிற அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வேலைக் கடிதம் மூன்றும் ஒரே பிளாஸ்ரிக் உறைக்குள். கை தானாக நீட்டும்.

ஏழு மணிக்கு ஆய்வுகூடத்தில் இருந்தேன். நேற்றுத் தொடங்கிய அளவெடுப்பின் இரண்டாம் நாள். விஷயம் இதுதான். விரல் வேர்க்க வேர்க்கத் திரையில் எண் ஏறும். எலெக்ட்ரோட் விரலில் சரியாக ஒட்டாவிட்டால் எண் குறைவாக வரும். எவ்வளவு குறைந்தால் ‘ஒட்டவில்லை’ என்று புரோகிராம் சொல்ல வேண்டும்? அதற்கு ஓய்வாக இருக்கிற ஒரு கை எவ்வளவு காட்டும் என்று தெரிய வேண்டும். பிள்ளைகளை இப்போதே கூப்பிட்டு அலைக்கழிக்க விருப்பமில்லை. என் கையே போதும். பத்துக் காலை, ஒரே நேரம், ஒரே கதிரை, பத்து நிமிடம்.

ஜூன் 2, செவ்வாய்

பத்தும் முடிந்தது. சராசரி 14. ஒரு நாளும் 12க்குக் கீழே இறங்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒருத்தியின் உடம்பு நடக்குமா என்று எனக்கே பெருமை. 9க்குக் கீழே வந்தால் ‘நோ கொன்டாக்ட்’, ஒட்டவில்லை, என்று சிவப்பில் எழுதும்படி வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் பச்சை.

ஜூன் 5, வெள்ளி

நிலாம் தன் விரலை மாட்டிப் பார்த்தார். 4. சிவப்பு. திரும்ப மாட்டினோம், திரும்பச் சிவப்பு. சோல்டர், அந்த ஈயப் பற்று, சரியில்லை என்றேன். கழற்றி மறுபடி ஒட்டினார். சிவப்பு. அப்ப உங்கட கைதான் காய்ச்சுப் போச்சு, இரும்பு பிடிச்சுப் பிடிச்சு, என்றேன். அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“எண்ட கை சரி மிஸ். ஒங்கட நம்பர ஒருக்கா பாருங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து நாள் எடுத்த எண் என்றேன். அவர் மூன்றாம் தரமும் சோல்டர் வைத்துவிட்டு ஜும்மாவுக்குப் போனார்.

ஜூன் 7, ஞாயிறு

ரொறன்ரோவிலிருந்து கனகசபாபதி அண்ணா. ஞாயிறு தவறாமல் போன் எடுப்பார். வழக்கமான கேள்வி: பயமில்லையோ? வழக்கமான பதில்: இல்லை. என்னைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் கடதாசி இரண்டு வருடமாகத் தயாராக இருக்கிறதாம். எனக்கு இங்கே வேலை இருக்கு என்றேன். என்ன வேலை, விரலிலை வயர் கட்டுறதோ என்று பகிடி பண்ணினார். ஓம், அதுதான் வேலை என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

நாளைக்குத்தான் செய்து காட்டுவது. என் கையில் ஐந்து தரம் பார்த்தேன். ஐந்தும் பச்சை.

ஜூன் 17, புதன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

குளிரூட்டிய அறை. சேர் முன் கதிரையில். பதினெட்டுப் பிள்ளைகளும் வந்து, ஒவ்வொருவராக விரலை மாட்டினார்கள். முதலாவது சிவப்பு. இரண்டாவது சிவப்பு. நிலாம் ஓடி ஓடிப் பட்டியை இறுக்கினார். மூன்று, நாலு, சிவப்பு. ஐந்தாவது பச்சை. அப்பாடா என்றிருந்தது. பிறகு திரும்பச் சிவப்பு. கடைசியில் பச்சை ஐந்து, சிவப்பு பதின்மூன்று. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு எனக்காகச் சிரிப்பதை நிற்பாட்டினார்கள். அது இன்னும் மோசம்.

சேர் சத்தம் போடவில்லை. எழும்பும்போது மெதுவாகச் சொன்னார்.

“பேனா ஒருத்தரையும் பிழை எண்டு சொல்லாது, நாகேஸ்வரி. வந்ததை வரையும்.”

ஜூன் 18, வியாழன்

சேர் கூப்பிட்டார். பெட்டியில்தான் பிழை என்று அவர் முடிவெடுத்துவிட்டார். ரேடியோக் கடை வேலையை ஆய்வுகூடத்துக்குள் விட்டது தன் பிழையாம். நிலாமைத் திங்கள் தொடக்கம் களஞ்சியத்துக்கு மாற்றப் போகிறார். வெளியிலிருந்து ஒரு நல்ல பெட்டி வந்தால் எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் தரலாமாம். சரிதானே என்று கேட்டார்.

பேசாமல் இருந்தேன். இல்லையென்று சொல்ல என்னிடம் காரணம் இருந்ததா? இருந்தது. நிலாம் மூன்று தரம் சோல்டர் வைத்ததைக் கண்ணால் கண்டவள் நான். ஆனால் பெட்டி பிழையில்லை என்றால் பிழை என்னுடையது. அதனால் பேசாமல் இருந்தேன். இவ்வளவுதான் நான்.

ஜூன் 20, சனி

புதன்கிழமைப் பதிவுகளை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பச்சையோ சிவப்போ, பதினெட்டுப் பேரின் கோடும் கொம்பியூட்டரில் பதிந்துதான் இருந்தது. மேசையில் பரப்பிப் பார்த்தேன். சிவப்பு விழுந்த பதின்மூன்று பேரின் கோடும் வடிவான கோடு. ஏழு ஏழாகக் கழிக்கத் தொடங்கிய இடத்தில் ஏறுகிறது, விட்ட இடத்தில் இறங்குகிறது. ஒட்டாத எலெக்ட்ரோட் கணக்குப் பார்க்காது. எல்லாம் ஒட்டித்தான் இருந்திருக்கிறது. அவர்களின் ஓய்வு 3, 4, 6. என்னுடையது 14.

அப்ப அந்த ஐந்து பச்சை ஆர்?

பெயர்களை எழுதினேன். கௌரி, கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தையிலிருந்து வருகிற பொடியன் ஒருவன். இன்னும் இரண்டு பேர், இருவரும் பம்பலப்பிட்டி லொட்ஜில் இருக்கிறார்கள். நாலு பேரும் காலையில் செக்பொயின்டில் ஐசியை நீட்டிவிட்டு வந்த தமிழ்ப் பிள்ளைகள். ஐந்தாவது இனோக்கா. அது ஏனென்று முதலில் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. அவளுடைய அண்ணன் ஆமியில், வன்னிச் சண்டையில். கடிதம் வராத கிழமைகளில் அவள் வகுப்பில் நகம் கடிப்பாள்.

அவர்களுக்கு மட்டும் என் எண் பொருந்தியிருக்கிறது.

ஓய்வாம். ஏழு மணிக்கு, ஒரே கதிரையாம். ஏழு மணிக்கு முன்னம் எங்கே நின்றேன் என்று ஒரு நாளும் எழுதவில்லையே. செக்பொயின்ட் வரிசையில் நின்றுவிட்டு நேரே வந்து இருந்திருக்கிறேன், பத்து நாளும். இத்தனை நாளும் பழகிப் போச்சு பழகிப் போச்சு எண்டு ஆருக்குச் சொன்னனான்? இந்தக் கைக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் போல. நல்லாய் அழுதன். நாப்பத்தொரு வயசிலை, கிராப்புக் கடதாசிக்கு மேலை. மை ஊறிப் போச்சு.

ஜூன் 22, திங்கள்

களஞ்சியத்துக்குப் போய் நிலாமைக் கூட்டிவந்தேன். விரலுக்குப் பதிலாக அளவு தெரிந்த ஒரு ரெசிஸ்டரை, மின்தடையை, மாட்டினோம். பெட்டி சரியான எண்ணைச் சொன்னது, புள்ளி பிசகாமல். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏன் அப்படி வந்தது என்றும் சொன்னேன். ரெசிஸ்டரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“அண்டைக்கு எண்ட கைய மூணு தரம் சோப்புப் போட்டுக் கழுவின மிஸ்.”

அது என்னைச் சுட்டது.

பின்னேரம் அவரை மறுபடி களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சேரின் உத்தரவு அப்படியே இருக்கிறது. நான் எழுதிக் கொடுக்கும்வரை இருக்கும்.

ஜூன் 23, செவ்வாய்

அறிக்கை. நாலு தரம் கிழித்தேன். முதல் மூன்றிலும் ‘அளவீட்டுத் தரவில் ஒரு சாய்வு’ என்று எழுதியிருந்தேன். ஆரும் ஆரையும் பற்றி எழுதலாம், அப்படி ஒரு வசனம். கடைசியில் இப்படி:

‘பெட்டியில் பிழை இல்லை. திரு. நிலாம் அதை முன்னமே சொன்னார், நான் கேட்கவில்லை. ஓய்வு என்று நான் கொடுத்த எண் ஓய்வு அல்ல. அது ஒவ்வொரு காலையும் சோதனைச் சாவடியைக் கடந்து வந்த என் கை. இனிமேல் ஒவ்வொரு மாணவரின் ஓய்வையும் அவரவரிடமே எடுத்து, ஏற்றத்தை அதிலிருந்து கணக்கிட வேண்டும்.’

சேரின் மேசையில் வைத்துவிட்டு, அவர் வருவதற்கு முன்னம் வந்துவிட்டேன். வெட்கம்.

ஜூன் 24, புதன்

மூன்று மணிக்குச் சேர் ஆய்வுகூடத்துக்கு வந்தார், கையில் என் அறிக்கை. நிலாமையும் வரச்சொல்லியிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மோதிரத்தைக் கழற்றிச் சேட்டுப் பையில் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்து விரலை நீட்டினார். தான் காரில் வந்து போகிறவர், தன்னை ஒருவரும் மறிப்பதில்லை, அதனால் தன்னுடையது பதின்மூன்று பேரோடு சேரும், சரிபார்க்க நல்லது என்றார். நிலாம் மாட்டினார்.

12.

ஏசி வேலை செய்யுதோ என்று கேட்டார். செய்யுது சேர் என்றார் நிலாம். பத்து நிமிடம் இருந்தார். 12. இன்னும் பத்து நிமிடம். பதினொன்றரை. நிலாம் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். சேர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தானே பட்டியைக் கழற்றினார்.

“எண்பத்து மூண்டு கலவரத்திலை வீட்டை விட்டு ஓடினனாங்கள். பதினைஞ்சு வருசம். இது இறங்காதோ, நாகேஸ்வரி?”

ஒரு எண்ணை வைத்து ஒருவரைப் பயந்தவர் என்று சொல்ல முடியாது, சிலருக்குக் கை இயல்பாகவே ஈரம், என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பாடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். தெரியாது சேர் என்றுதான் வந்தது. அவர் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, ஜூலை 7 அன்று பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார். வாசலில் நின்று நிலாமிடம், களஞ்சியத்துக்குப் போக வேண்டாம் என்றார்.

ஜூலை 7, செவ்வாய்

பதினெட்டுப் பேருக்கும் கோடு வந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் ஓய்வு, அதற்கு மேல் அவரவர் ஏற்றம். தங்கள் கோட்டைத் தாங்களே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் முதுகையும் ஒருவர் படிக்கவில்லை. இனோக்கா 993, 986 என்று போய் 951இல் தடுமாறினாள், கோடு எகிறியது, எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். சேர் ஆறு கொம்பியூட்டருக்கும் எழுதிவிட்டார். என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறாராம். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

அண்ணா எடுத்தார். சுகம் விசாரித்தார், மழையா என்றார். பிறகு வழக்கமான கேள்வி. வழக்கமான பதில் தொண்டை வரைக்கும் வந்தது.

“பயம்தான் அண்ணா. ஒவ்வொரு நாளும்.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். இருக்கிறன் என்றார். எட்டு வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எனக்கே போன மாதம்தான் தெரியும் என்றேன். அப்ப வாவன் என்றார். இந்த முறை கோபம் வரவில்லை. முதல் ஆறு கொம்பியூட்டரும் வரட்டும், அதற்குப் பிறகு கேளுங்கோ, யோசித்துச் சொல்லுறன் என்றேன். யோசிக்கிறேன் என்று நான் அவருக்குச் சொன்னது இதுதான் முதல் தரம்.

நாளைக்குப் பிராக்டிக்கல் ஏழரைக்கு இல்லை, எட்டுக்கு. நிலாம் கதவில் அறிவித்தல் ஒட்டிவிட்டார். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பிள்ளைகள் வந்து, இருந்து, தண்ணி குடித்துவிட்டுத் தொடங்கட்டும். நானும் இருப்பேன்.