மூன்றுக்கு இரண்டு

ஆல்டர் க்ரீக், நெப்ராஸ்கா
அக்டோபர், சனிக்கிழமை

அன்புள்ள ரொவீனா,

ஆமாம், முடியும். நவம்பர் வாரியத் தேர்தலுக்கு முன்பே உன்னை இந்த ஊர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக நியமிக்க எங்கள் பள்ளி வாரியத்துக்கு உரிமை இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. நீ கேட்டது அது மட்டும்தான் என்றால், கடிதம் இங்கேயே முடிந்துவிடும்.

மூடிய கூட்டத்தில் பேசியதை நான் எழுதக் கூடாது. ஊரே பேசுவதை எழுதுகிறேன். ஐந்து பேரில் மூவர் உன் பக்கம். தலைவர் வெர்லின், அவருடைய நண்பர் ஒருவர், நான். அவர்கள் இருவரும் மறுபடி போட்டியிடவில்லை. ஜனவரியோடு போய்விடுவார்கள். நீ ஜூலையில் வந்து சேரும்போது, உன்னை அழைத்த மூவரில் நான் மட்டுமே மிஞ்சியிருப்பேன்.

நாம் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள் என்பதை முதல் நாளே வாரியத்தில் சொல்லிவிட்டேன். வெர்லின் சிரித்தார். “தெரிஞ்சவங்களுக்கு ஓட்டுப் போடக் கூடாதுன்னா, இந்த ஊர்ல கை தூக்க ஆளே இருக்காதும்மா.”

நல்ல மனிதர். அவர் செய்த தவறும் நல்ல மனிதர் செய்யக்கூடிய தவறுதான். எப்போதும் குளிர்காலத்தில் நடக்கும் நியமனத்தை அக்டோபருக்கு இழுத்தார். ஊரார் உன்னைச் சந்திக்க ஒரு மாலையையும் குறித்தார். போன வார வெள்ளிக்கிழமை. பழைய மாணவர்கள் எல்லோரும் ஊர் திரும்பும் கால்பந்து ஆட்டம் நடந்த அதே மாலை. “ஹால் காலியா இருந்துச்சு” என்கிறார். ஏன் காலியாக இருந்தது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

உனக்கு நினைவிருக்கும். மைதானத்து முரசுச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. நாங்கள் ஐந்து பேர், துப்புரவுப் பணியாளர், வழி தவறி வந்த ஒரு தம்பதி. தட்டுத் தட்டாகப் பழம் வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டிகள், தொடுவாரில்லாமல். அரங்கம் நிறைந்திருந்ததுபோல் நீ பேசினாய். அன்று உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். அதைவிட அதிகமாக வெட்கப்பட்டேன்.

மறுநாள் ஊரில் ஒரே பேச்சு. அந்த அம்மாவை நம் கண்ணில் காட்டாமல் ஒளிக்கிறார்கள். ஊரின் கிழக்குப் பள்ளியை மூடத்தான் அவளை அவசரமாகக் கொண்டுவருகிறார்கள். நீ அந்தப் பள்ளியின் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை.

நேற்று தீவனக் கடையில் லாய்ல் பொஸ்பிஷிலைப் பார்த்தேன். வாரியத் தேர்தலில் நிற்கிறார். எதிரணிக்கு அவர்தான் முன்னால் நிற்பவர். அவருடைய மனைவி கிழக்குப் பள்ளியில் சமைக்கிறார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் என் மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: “அந்தம்மா மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, மார்லிஸ். நல்லவங்களாவே இருக்கட்டும். நாங்க வாசலுக்கு வர்றதுக்குள்ள கதவைச் சாத்துறீங்களே, அதான் வலிக்குது.”

வீடுவரை அந்த வார்த்தையோடுதான் வந்தேன்.

வெர்லினிடம் சொன்னேன். “ஜனவரில அவங்க வந்து உக்காந்தா உன் சிநேகிதி பேரு குப்பைக்குத்தான் போகும். இப்ப விட்டா போச்சு” என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

நீ இருக்கிற வேலையை விட வேண்டும். வீட்டை விற்க வேண்டும். உன் மகள் டெஸ்ஸா தன் கடைசிப் பள்ளி வருடத்தை இங்கே, முன்பின் தெரியாதவர்கள் நடுவே தொடங்க வேண்டும். ஒரே ஓட்டை நம்பி. அந்த ஓட்டு என்னுடையது. புதிய வாரியம் ஒப்பந்தத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்து, நீ பெட்டியைப் பிரிக்குமுன் உன்னை அனுப்பிவிடலாம். அதற்கும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

உன்னைக் கேட்கிற கான்சஸ் பள்ளி வாரியக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். தெரியும். நல்ல இடம். அவர்கள் ஏழு பேரும் ஒரே குரலில் உன்னை அழைக்கிறார்கள்.

எங்களுக்கு நீ வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு என்று எழுதவே நினைத்தேன். எனக்கு என்று சேர்க்காமல் விட்டால் பொய்யாகிவிடும். நீங்கள் வீடு பார்க்கும்வரை தங்கலாம் என்று மாடி அறைக்கு மஞ்சள் பூசினேன். இன்னும் வாசனை போகவில்லை.

ஆனாலும் இப்படிக் கதவைச் சாத்திவிட்டு உன்னை அழைக்க எனக்கு மனமில்லை. கோபப்படு. அது நியாயம். கான்சஸ் போனால் நிம்மதியாகப் போ. அங்கே உனக்கு நல்லதே நடக்கட்டும். போகாவிட்டால், விண்ணப்பத்தை மட்டும் திரும்பப் பெறாதே. அந்த அறையில் வேறு எதையும் வைக்கமாட்டேன்.

டெஸ்ஸாவுக்கு என் முத்தங்கள்.

என்றும் உன்,
மார்லிஸ்

பி.கு.: இதை மடிப்பதற்கு முன் வெர்லினுக்குத் தொலைபேசினேன். செவ்வாய்க்கிழமை என் கை உயராது, ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள் என்றேன். என் கை இல்லாமல் மூன்று ஓட்டு தேறாது என்பது அவருக்கும் தெரியும். பிறகு லாய்லின் வீட்டுக்கு நடந்து போனேன். ரொவீனாவை மறுபடி ஊர்க் கூட்டத்துக்கு அழைத்தால் உங்கள் ஆட்களோடு வந்து முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்றேன். வருகிறேன் என்றார்.