பெட்டித் துணியும் ஒரு சிவப்பு நூலும்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, படகேறி அந்தக் குப்பத்துக்குப் போய்வந்தேன். பேரை இங்கேகூட எழுதமாட்டேன். எது எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பழம்பொருள் சேர்ப்பவர்கள் சொந்த டைரியிடமும் சொல்வதில்லை. அவ்வளவு அல்பம் நாங்கள்.

போனது ஒரு மரப்பெட்டிக்காக. பொன்னேரி மார்க்கெட்டில் எனக்கு இறால் விற்கும் அமுதவல்லி போன வாரம் சொன்னாள்: "எங்க ஊர்ப் பொட்டி ஒண்ணு எங்கையில கீதுக்கா. மூடி பூரா நண்டும் மீனுமா செதுக்கி வெச்சிருப்பாங்க." அதற்குப்பின் எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை.

உடைந்த படகின் பலகையில் செய்த பெட்டி. மூடியைச் சுற்றிப் பன்னிரண்டு சின்னங்கள் – நண்டு, இறால், மடவை மீன், பூநாரை, நங்கூரம், இன்னும் ஏழு. ஊரில் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு சின்னமாம். உளி ஆழமாகப் போகவில்லை. ஆனாலும் நண்டின் ஒவ்வொரு காலும் தனித்தனியாக நடக்கிறது. இதுவே போதும் என்று நினைத்தேன். அப்புறம் அவள் மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு துணி. அதே பன்னிரண்டு சின்னங்களும் ஊசி வேலையில், கட்டத்துக்கு ஒன்றாக. பூநாரையின் கழுத்தை ஒரே நூலில், எங்கேயும் முடிச்சில்லாமல் வளைத்திருக்கிறார்கள். பதினெட்டு வருஷமாகச் சேர்க்கிறேன். வங்காளத்துக் காந்தாத் தையல், பஞ்சாப் புல்காரிப் பூவேலை, லம்பாடிக் கண்ணாடி வேலை எல்லாம் வீட்டில் இருக்கிறது. எதைப் பார்த்தும் நான் பொத்தென்று தரையில் உட்கார்ந்ததில்லை. இன்று உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வேறு. அமுதவல்லி பயந்துபோய்ச் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

ஓரத்தில் மட்டும் கண்ட கந்தல்களை ஒட்டுப்போட்டுக் கெடுத்திருக்கிறார்கள். ஒரு கைலித் துண்டு, ஒரு காக்கி, பள்ளிக்கூட யூனிபார்ம் நீலத்தில் ஒன்று. யாரோ ரசனை கெட்டவர்கள்.

ஆகஸ்ட் 12

நாள் முழுக்கப் பூநாரைக் கழுத்து. லைப்ரரியில் இரண்டு புத்தகத்தைத் தப்பான அலமாரியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வந்துவிட்டது! துணி என் வீட்டில்.

பூச்சி அரிக்க ஆரம்பித்திருந்தது. நான் சுத்தம் செய்து தருகிறேன் என்றேன். அமுதவல்லி ரொம்ப நேரம் யோசித்தாள். "செப்டம்பர் மொதல் ஞாயிறு வந்துடணும்க்கா. அன்னிக்குத்தான் ஊர்கூடிப் பொட்டியைத் திறப்போம்." ஏதோ பூஜை என்று நினைத்துத் தலையாட்டினேன்.

என்னை நம்பித் தந்தாள். என் மனசிலோ, சுத்தம் செய்து காட்டினால் நாளைக்கு எனக்கே கொடுத்துவிடுவார்கள் என்ற கணக்கு. ஒளிப்பானேன்.

பூச்சி சாக, பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன். மீஞ்சூர் கம்பெனியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வீரராகவன் ஐஸ் எடுக்கத் திறந்து பார்த்துவிட்டு, "பீரோல என் சட்டைக்கு இடமில்ல. இப்ப ஃப்ரிட்ஜ்ல மீனுக்கும் இடமில்லையா, சாமு?" என்றார். அதிலே இருப்பதும் மீன்தான் என்றேன்.

ஆகஸ்ட் 22

லீவு போட்டு நாள் முழுக்க வேலை. மெல்லிய பிரஷ்ஷால் உப்பையும் தூசியையும் எடுத்தேன். பின்பக்கம் பார்த்தால் முன்பக்கம் மாதிரியே இருக்கிறது. எந்தக் கைகள் இவை?

பின்னாளில் யாரோ போட்ட அசிங்கத் தையல்களை நீக்கினேன். மொத்தம் நாலு. அதில் ஒன்று தடிச் சிவப்பு நூல், ஒரு கட்டத்தைச் சுற்றிக் கோணல்மாணலாக ஓடியது. வெட்டாமல், அறாமல் முழுசாக உருவினேன். நீக்கிய நூலை எறியக்கூடாது என்பது என் சட்டம். வெண்ணெய்த்தாளில் மடக்கிவைத்தேன். ஓரத்து ஒட்டுகளையும் பிரித்திருப்பேன், இருட்டிவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகுதான் போட்டோ எடுத்தேன். முன்னால் எடுக்க மனசு வரவில்லை, அவ்வளவு விகாரமாக இருந்தது.

ஆகஸ்ட் 23

சேகரிப்பு நோட்டில் 114 என்று எண் போட்டு, பக்கத்தில் காலியாக விட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சுத்தம் செய்த துணியை மடித்தபடியே பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.

பூஜை இல்லை. ஏலக்கொட்டகையில் பன்னிரண்டு வீடும் கூடியிருந்தது. ஏரியில் வலை போடும் இடத்தைப் பாடு என்கிறார்கள். இறால் கொட்டுகிற நல்ல பாடு ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை. முகத்துவாரம் மணல் மூடி சீசன் கெட்டுவிட்டால் முறை நகராது, அதே வீட்டுக்கு மறுபடி. கெட்டதா இல்லையா என்று தீர்மானிப்பது பெட்டியைக் காக்கிறவள். சீசன் முடிந்ததும் அவள் தனியாக உட்கார்ந்து, எந்த வீட்டுக்கு முறையோ அந்தச் சின்னத்தைச் சுற்றிச் சிவப்பு நூல் ஓட்டிப் பெட்டியை மூடிவிடுவாள். யாரிடமும் சொல்லமாட்டாள். இன்றைக்குத்தான் ஊர் முன்னால் திறப்பது.

போன சீசனில் பாடு நண்டு வீட்டுக்கு, அடுத்த முறை இறால் வீட்டுக்கு. பாதியில் மணல் மூடிக்கொண்டது. பெட்டியைக் காத்த குப்பம்மா மார்ச்சில் நூல் ஓட்டினாள், மே மாசம் செத்துப்போனாள். அப்புறம்தான் பெட்டி அமுதவல்லி கைக்கு வந்தது.

துணியை விரித்தார்கள். நூல் இல்லை.

அப்புறம் இறால் வீட்டுச் சுப்பராயலு எழுந்தார். "நண்டு வூடு யார் வூடு? இவ அண்ணன் பெருமாள் வூடு. நூலைப் புடுங்கிட்டு இன்னா வேணா சொல்லலாம்னு பாக்குறாளா?"

நான்தான் எடுத்தேன் என்று கத்தினேன். எந்தக் கட்டத்திலிருந்து என்றார்கள். எனக்கு – எனக்கு நினைவில்லை. நண்டா, இறாலா? நாலு தையல் பிரித்தேனே.

எனக்குத் திறந்து காட்டியபோதே பார்த்த அமுதவல்லிக்குத் தெரியும். ஆனால் எந்தக் கட்டம் என்று சொல்ல மறுத்தாள். "நான் சொன்னா அண்ணனுக்காகச் சொல்றேம்பாங்க. அதுக்குத்தாங்க்கா துணி." அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திட்டக்கூட இல்லை.

செப்டம்பர் 2

அறிவு கெட்டவளே. வயசு கேட்டே, நூல் கேட்டே, சாயம் கேட்டே, டேப் வெச்சு அளந்தே. எதுக்கு இந்தத் துணின்னு ஒரு வார்த்தை கேட்டியா? பதினெட்டு வருஷம் என்னத்தைக் கிழிச்சே?

பாடு போனா பெருமாள் வீட்டுக்கு இன்னும் பதினோரு வருஷம் கழிச்சுத்தான். அமுதவல்லிகிட்டேருந்து பெட்டியைப் பிடுங்கிடுவாங்களாம். ஊரே திருடின்னு சொல்லும். நான் செஞ்சதுக்கு.

வீரராகவன் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. "அந்த நூலு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

நான் இன்று பார்த்ததை எப்படி எழுதுவேன்?

கொட்டகையில் மறுபடி கூடிய ஊர் முன்னால் வெண்ணெய்த்தாளை நீட்டினேன். அமுதவல்லி தொடக்கூடாது என்றார்கள். நானும் தொடக்கூடாது என்றார்கள். சுப்பராயலு மனைவி கலைவாணி முன்னால் வந்தாள். "எங்கிட்ட குடு. நான் வலை கட்றவ." பெருமாள் முகம் செத்துவிட்டது. கேட்பது இறால் வீட்டுக்காரி ஆயிற்றே.

அவள் தாளைப் பிரித்ததும் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டாள். நூல் நான் உருவியபடியே நெளிநெளியாகக் கிடந்தது. தையலாக இருந்தபோது துணிக்கு மேலும் கீழும் போன ஒவ்வொரு மடிப்பும் அதில் அப்படியே நிற்கிறது. அதை நான் பதினேழு நாள் வீட்டில் வைத்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

முதலில் இறால் கட்டத்தில் வைத்தாள். அங்கே பழைய ஓட்டைகள் ஏராளம், எத்தனையோ வருஷத்து முறை. மடிப்பை ஓட்டைமேல் வைத்து விரலால் தடவிக்கொண்டே போனாள். நாலு தையல் தாண்டியதும் விலகியது. மறுமுனையிலிருந்து ஆரம்பித்தாள். விலகியது. மூன்றாம் தடவையும் பொறுமையாகச் செய்தாள். வெளியே படகுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

அப்புறம் நண்டு. நீளத் தையல், குட்டைத் தையல், மறுபடி குட்டை, நண்டின் கொடுக்குப் பக்கம் ஒரு கோணல். குப்பம்மாவுக்குக் கண் மங்கிய கோணல் அது. நூல் ஒவ்வொரு ஓட்டையிலும் போய்ப் படுத்துக்கொண்டது. சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்தது.

கலைவாணி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"இங்கதான் குந்துது. நண்டுக்குத்தான்."

அந்தப் பாடு அவள் வீட்டுக்கு வந்திருக்கும். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும், மறுக்க அங்கே ஆள் இல்லை. சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி. ஊசியை எடுங்க," என்றார். எனக்கு அந்தக் கொட்டகையிலேயே விழுந்து கும்பிடவேண்டும் போலிருந்தது. கும்பிடவில்லை. அழுதேன்.

கிளம்பும்போது அமுதவல்லி சொன்னாள்: "உனக்கும் ஒண்ணு கீதுக்கா. முறையைக் கலைச்சவங்க தன் துணியில ஒரு துண்டு குடுத்து, தன் கையாலயே தெச்சிட்டுப் போவணும்." ஓரத்தைக் காட்டினாள். கைலி, காக்கி, யூனிபார்ம் நீலம். அவையெல்லாம் அதுதானாம். நான் பிரிக்க இருந்தவை.

செப்டம்பர் 14

மாலை முழுக்கப் பீரோவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தேன். இருப்பதில் உயர்ந்தது புல்காரி. நூறு வருஷத்துப் பட்டு நூல். கத்தரியை வைத்துப் பார்த்தேன். வெட்டாமல் எடுத்துவிட்டேன். ஆனாலும் அதுதான் சரி. மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அமுதவல்லி புல்காரியை விரித்துப் பார்த்தாள். விரலால் மெதுவாகத் தடவினாள். "அம்மாடி, எம்மாம் அழகு. யார் தெச்சது?"

தெரியாது என்றேன்.

"யாருதுனே தெரியாததை வெட்டிக் குடுப்பியா? உன் துணிதானே கேட்டோம்."

என்னிடம் நூற்றுப்பதின்மூன்று துணி இருக்கிறது. ஒன்றுகூட என்னுடையதில்லை. அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

கட்டியிருந்த சேலையின் முந்தானையைப் பார்த்தேன். லைப்ரரிக்குக் கட்டுகிற சாம்பல் நிறக் காட்டன், நுனியில் ரப்பர் ஸ்டாம்பு மைக் கறை. அதில் உள்ளங்கை அளவு வெட்டினேன். கலைவாணி ஊசி கோத்துக் கொடுத்தாள். எனக்குத் தைக்க வராது. பதினெட்டு வருஷம் தையலைப் பற்றிப் பேசியவளுக்கு ஒரு பட்டன்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாது. காக்கிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் தைத்தேன். இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டேன். பெண்கள் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்கள், அமுதவல்லிதான் அதிகமாக.

என்னுடையதுதான் இருப்பதிலேயே கோணல். எந்தக் காலத்திலும் யாரும் பிரிக்கமாட்டார்கள் என்றாள்.

செப்டம்பர் 16

நோட்டைத் திறந்தேன். 114க்குப் பக்கத்தில் எழுதினேன்:

பருத்தி, சாம்பல் நிறம், மைக் கறையுடன். தைத்தவர் சாமுண்டீஸ்வரி, பொன்னேரி. இருக்குமிடம்: பெட்டிக்குள்.

மற்ற நூற்றுப்பதின்மூன்று எண்ணுக்கும் 'தைத்தவர்' என்ற இடம் காலியாகத்தான் கிடக்கிறது. லம்பாடிச் சோளியை வாங்கிய வீட்டு விலாசம் எங்கோ எழுதிவைத்தேனே, அதைத் தேடவேண்டும்.