என் வயசு கூட எட்டு

"இந்தாய்யா" என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. போன இடத்தில் காற்றாவது நன்றாக அடிக்கிறதா? இங்கே காத்திவாக்கத்தில் கரன்ட் கம்பெனி விடுகிற வெந்நீரில் ஆற்றுத் தண்ணீர் அப்படியேதான் சுடுகிறது. இறால் வருகிற நாளில் வருகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து முன்னே பின்னே இருந்தால் நந்தினி திருத்தித் தருவாள். இதை நாலு பேருக்குப் படிக்கவும் கொடுப்பாளாம். படிக்கட்டும். யாருக்காவது புரிந்தால் எனக்கும் வந்து சொல்லட்டும்.

முதலில் நல்ல சேதி. உன் மார்மேல் படுத்துத் தூங்கினாளே நம் சின்னவன் மகள் நந்தினி, அவள் இப்போது கணக்கு டீச்சர். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குச் சொல்லித்தருகிறாள். காலையில் அவள் புடவை கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது நானும் வேலையில்லாமல் போய்க் கூடவே நிற்பேன். யார் இது என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான். எல்லாருக்கும் தெரியும், அதனால் ஒருத்தரும் கேட்பதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒருநாள் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தாள். கணக்கில் எழுத்து வருகிற பாடமாம். இயற்கணிதக் கோவை என்று பெயர். பிள்ளைகள் இப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறார்கள். இவள் கரும்பலகையில் எக்ஸ் போட்டதும் வகுப்பே வாயை மூடிக்கொண்டதாம். ஒரு பெண் அழுதேவிட்டாளாம். வாசலில் நின்று பார்த்த பெரிய டீச்சர், "வெள்ளிக்கிழமை நான் வந்து பின்னால உக்காருவேன். அன்னிக்கும் இப்படியே இருந்தா உன்ன எல்.கே.ஜி.க்கு மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டார். கணக்குதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள். உனக்குத் தெரியாதா?

அதனால் என்னிடம் சொல்லிப் பழகினாள். "உனக்குப் புரிஞ்சா அதுங்களுக்கும் புரியும் ஆயா" என்றாள். அது பெருமையா நக்கலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தாள்.

"இந்தக் கூடையில எத்தினி இறால் கீதுன்னு தெரியாது. அத்த எக்ஸுன்னு வச்சிக்கோ."

"இன்னாத்துக்கு வச்சிக்கணும்? கொட்டி எண்ணு."

"எண்ணக் கூடாது ஆயா."

"யாரு சொன்னது?"

"ஐயோ! இதே மாதிரி மூணு கூடை. வெளிய ரெண்டு இறால் வுழுந்து கீது. மொத்தம் மூணு எக்ஸ் கூட ரெண்டு."

"சரி, விடை இன்னா?"

"அவ்ளோதான். அதான் கோவை."

அவ்வளவுதானாம்! நான் படித்தபோது விடை போடாமல் சிலேட்டைக் காட்டினால் முட்டியில் விழும். இப்போது டீச்சரே பாதியில் நிறுத்திவிட்டு அதற்கு ஒரு பேரும் வைக்கிறாள். "பாதி உரிச்ச இறாலக் குழம்புல போடுவியாடி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பிடிபட்ட மாதிரி இருந்தது.

"தெரிஞ்சும் வாயால சொல்லக் கூடாது. உங்க தாத்தா பேர் மாதிரி. அதானே?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது உனக்குத் தெரியும், சொல்ல மாட்ட. இது எதுவா வேணா இருக்கலாம் ஆயா. சரி, பேர் வேணாம். தாத்தா வயசாவது சொல்வியா?"

"என் வயசு கூட எட்டு."

வேறு எப்படிச் சொல்வது? பையன் பெண்ணைவிட எட்டு வயசு மூத்தவன் என்று நம் கல்யாணத்தில் உன் அம்மா சொன்னதுதான் எனக்குத் தெரிந்தது. பிறந்த தேதியை யார் எழுதிவைத்தார்கள்? உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்சம்மா கேட்டதற்கும் இதையேதான் சொன்னேன். "உன் வயசு எவ்ளோம்மா?" என்றாள். "அது தெரியாதும்மா" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நீ அந்த வலியிலும் சிரித்தாய்.

இதைச் சொன்னதும் நந்தினி கையிலிருந்த இறாலை அப்படியே போட்டுவிட்டாள்.

"இரு ஆயா. உன் வயசே உனக்குத் தெரியாது. ஆனா தாத்தா வயசச் சொல்லிட்ட."

"எங்கடி சொன்னேன்?"

"எக்ஸ் கூட எட்டு!" என்று இறால் கையோடு என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கூடையும் இல்லை, இறாலும் இல்லையாம். "உன் வயசு எக்ஸ். வூட்ல இருக்கறவங்க வயசச் சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். "எங்க அண்ணன் எக்ஸ் கூட அஞ்சு மிஸ்", "தங்கச்சி எக்ஸ்ல மூணு போச்சு", "எங்க நைனா மூணு எக்ஸ் மிஸ்" என்று ஒரே கூச்சலாம். பின்னாலிருந்து பெரிய டீச்சர், "எல்லாம் சரி, விடை எங்க?" என்று கேட்டாராம். அன்றைக்கு அழுத பெண் எழுந்து நின்றாளாம். "எக்ஸ் எவ்ளோன்னு யாராவது சொன்னாதான் மிஸ் விடை. நீங்க உங்க வயசச் சொல்லுங்க, நாங்க உங்க அண்ணன் வயசச் சொல்றோம்."

பெரிய டீச்சர் சிரித்துவிட்டாராம். வயசை மட்டும் கடைசிவரை சொல்லவில்லையாம். நந்தினி ஏழாம் வகுப்பிலேயே இருக்கிறாள். மறுநாள் ஷேர் ஆட்டோக்காரர் வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். உன் படத்துக்குப் பூ வைக்கும்போது ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு வருஷா வருஷம் வயசு ஏறுகிறது. அதோடு எட்டைக் கூட்டினால் நீ வாழாத வயசு அல்லவா வருகிறது? அந்தக் கிழவன் யார்? அவனை நான் பார்த்ததே இல்லையே?

நந்தினியைக் கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தாத்தா போனப்ப உனக்கு எக்ஸ், அவருக்கு எக்ஸ் கூட எட்டு. ஏழு வருஷம் ஆயிடுச்சி. உனக்கு இப்போ எக்ஸ் கூட ஏழு. தாத்தாவுக்கு அதே எக்ஸ் கூட எட்டுதான். அது இனிமே மாறாது ஆயா."

"அப்போ வர்ற வருஷம்?"

"ரெண்டு பேரும் ஒரே வயசு."

"என் வயசே எனக்குத் தெரியாதேடி. நீ எப்படிச் சொல்ற?"

"தெரிய வேணாம் ஆயா. எக்ஸ் எதுவா இருந்தாலும் அப்படித்தான்."

அதெப்படி? என் வயசும் தெரியாமல், உன் வயசும் தெரியாமல், நாம் சமமாகும் வருஷத்தை மட்டும் ஒரு சின்னப் பெண் சொல்லிவிடுகிறாளே? விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் வருகிறது. ஆனாலும் புரியவில்லை. அதற்கு அடுத்த வருஷம் நான் உனக்கு மூத்தவளா? மூத்தவள் "இந்தாய்யா" என்று கூப்பிடுவாளா? புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று வாயைக் கட்டினார்களே, இனி குறைய என்ன இருக்கிறது?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அடுத்த வருஷம் நீ போன நாளில் நாம் சமம். வழக்கம்போல வஞ்சிரம் வறுத்துப் படைப்பேன், பேசாமல் சாப்பிடு. அதற்கு அடுத்த வருஷம் படைத்த கையோடு நீ வலை வீசின முகத்துவாரத்துக்குத் தனியாக வந்து, உன் பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன். நீ எந்தப் பக்கம் இருப்பாய் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் இருந்தாலும் திரும்பு.

இப்போதைக்கு உன்னைவிட ஒரு வயசு சின்னவள்,
உன் வீட்டுக்காரி